தானியங்கிக் கியர்ப்பெட்டி: செப்பனிட்டபின் நேரும் பழுதுகளை ஆராயும் முறை

தோற்றுவாய்

பொறிகள் பழுதுபடுதல் இயல்பு. பழுதுபட்டதைப் பிரித்துச் செப்பனிடுதலும் இயல்பே. ஆயின், செப்பனிட்டு முடித்த அன்றே ஒரு பொறி முன்னையினும் மோசமாக நடக்குமாயின், அதனை உடையவர் படும் துயர் பெரிது. செலவழிந்த பணம் ஒருபுறம்; வீணாய்ப் போன நாட்கள் ஒருபுறம்; இனி யாரை நோவது என்னும் கேள்வி மற்றொருபுறம். சென்ற விடுமுறையில் என் சிறிய தந்தையாருக்கு நேர்ந்தது இதுவே. அவர் வாடகைக்கு ஓட்டும் வண்டியின் தானியங்கிக் கியர்ப்பெட்டி ஒரு கராச்சிலே பிரிக்கப்பட்டுப் புதிய தட்டுகள் இட்டு மீண்டும் பூட்டப்பெற்றது. பூட்டி இறக்கிய வண்டி, சுமையேற்றிய மாட்டுவண்டி போல ஊர்ந்தது. "பெட்டியை மறுபடியும் கழற்றவேண்டும்" என்றனர் கராச்சில் உள்ளோர்.

தமிழ் இலக்கணம் பயிலும் மாணவன் ஒருவன் மோட்டார் வண்டியின் உட்கருவிகளைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று நண்பர்கள் நகைத்தல் கூடும். யான் பொறியியல் கற்றவனல்லேன். பழுதுநீக்கும் கைந்நூல் ஆங்கிலத்தில் இருந்தமையால், அதனைப் படித்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. படிக்கப் படிக்க அது ஓர் உரைநூல் போலவே எனக்குத் தோன்றிற்று. விதியும், விதிக்குப் புறனடையும், ஐயமும், ஐயம் நீங்கும் வழியும் அதன்கண் நிரல்பட அமைந்திருந்தன. அவ்வாறு கற்றதனுள் பிறர்க்குப் பயன்படத்தக்கதை ஈண்டு எழுதுகின்றேன்.

பெட்டியின் வரலாறும் அமைப்பும்

கையாற் கியர் மாற்றும் வண்டியில், எஞ்சினையும் சக்கரத்தையும் சற்றே பிரித்து, வேறு பல்லிணையைச் சேர்த்து, மீண்டும் இணைப்பவர் ஓட்டுநர். தானியங்கி வண்டியில் இவ்வேலையைச் செய்வது எண்ணெய். இதன் மூலக்கருத்தைத் தந்தவர் செர்மானிய நாட்டுப் பொறியியலாளர் ஹெர்மன் ஃபெட்டிங்கர். கப்பல்களின் சுழலியை அதன் உந்தியோடு நீர்மத்தின் வாயிலாக இணைக்கும் கருவிக்கு அவர் 1905ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். மோட்டார் வண்டியிலோ, அமெரிக்காவின் செனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 1939ஆம் ஆண்டில் ஓல்ட்ஸ்மோபில் வண்டியில் ஹைட்ராமாட்டிக் என்னும் பெட்டியைப் பொருத்தி விற்கத் தொடங்கினர். பெருந்தொகையாகச் செய்யப்பட்ட முதல் முழுத் தானியங்கிப் பெட்டி அதுவே.

யான் இங்கே சான்றாக எடுத்துக்கொள்வது, எங்கள் நாட்டிற் பெரிதும் வழங்கும் சப்பானிய வண்டிகளுள் காணப்படும் ஏ340 என்னும் நான்கு கியர்ப் பெட்டி. இதனைச் செய்தவர் ஐசின் வார்னர் நிறுவனத்தார். சப்பானிய ஐசின் நிறுவனமும் அமெரிக்கப் போர்க் வார்னர் நிறுவனமும் கூடி 1969இல் அதனைத் தொடங்கின. 1980களின் நடுப்பகுதி முதலாக ரொயோட்டாவின் சுப்ரா, கிரெசிடா முதலிய பல வண்டிகளில் இப்பெட்டி இடம்பெற்றது. எங்கள் வண்டியின் பெட்டியும் இவ்வினத்ததே.

இதன் உறுப்புகளை நான்கு வகையாகப் பகுத்துக் கூறலாம்.

முதலாவது, முறுக்குமாற்றி. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து, ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்றினால் மற்றதும் சுழலும். காற்றுக்குப் பதிலாக எண்ணெயை வைத்து, இரண்டையும் ஒரே குடத்துள் அடைத்தால் அதுவே முறுக்குமாற்றி. எஞ்சின் ஒரு விசிறியைச் சுழற்ற, எண்ணெய் மற்றதைத் தள்ளும். இவ்விரண்டிற்கும் நடுவில், திரும்பி வரும் எண்ணெயை நெறிப்படுத்தும் சிறு சக்கரம் ஒன்றுண்டு. வண்டி புறப்படும்போது எஞ்சினின் முறுக்கு வலிமையை ஏறக்குறைய இருமடங்காக்கித் தருவது அச்சக்கரத்தின் உதவியே.

இரண்டாவது, எண்ணெய்ப் பம்பு. முறுக்குமாற்றியின் கழுத்து இப்பம்பினுள் நுழைந்து அதனைச் சுழற்றும். எஞ்சின் ஓடினாலன்றிப் பம்பு ஓடாது. பம்பு ஓடாவிடின் அழுத்தம் இல்லை. அழுத்தம் இல்லையேல் பெட்டியுள் எதுவும் பிடிபடாது. தானியங்கி வண்டியைத் தள்ளி எஞ்சினை முடுக்க இயலாமைக்குக் காரணம் இதுவே.

மூன்றாவது, கோட்சக்கரத் தொகுதிகளும் அவற்றைப் பிடிக்கும் கிளச்சுகளும். நடுவே ஞாயிறு போல ஒரு பற்சக்கரம். அதனைச் சுற்றிக் கோள்கள் போலச் சில சக்கரங்கள். அவற்றையெல்லாம் சூழ்ந்து உட்பற்களையுடைய வளையம் ஒன்று. இம்மூன்றனுள் ஒன்றை ஓடவிட்டு மற்றொன்றை அசையாமற் பிடித்தால் மூன்றாவது ஒரு வேகத்தில் ஓடும். பிடிக்கும் உறுப்பை மாற்றினால் வேகமும் மாறும். சிலபோது திசையும் மாறும். ஏ340 பெட்டியில் முதற்கியரின் விகிதம் 2.804, இரண்டாவது 1.531, மூன்றாவது 1.000, ஓவர்டிரைவ் எனப்படும் நான்காவது 0.705. சக்கரங்களைப் பிடிப்பவை, உராயும் தட்டும் இரும்புத் தட்டும் மாறி மாறி அடுக்கிய கிளச்சுகளும் தடைகளும் ஆம். எண்ணெயழுத்தத்தால் ஓர் ஆடுதண்டு அத்தட்டுகளை நெருக்க, அவை இறுகப் பற்றும். இவற்றோடு, ஒரு திசையிற் சுழலவிட்டு மறுதிசையில் தானே பூட்டிக்கொள்ளும் ஒருவழிக் கிளச்சுகளும் உண்டு.

நான்காவது, கட்டளையிடும் பகுதி. வால்வுக்கட்டு என்பது எண்ணெய் செல்லும் நுண்ணிய வழிகள் நிறைந்த ஓர் உலோகப் பலகை. எவ்வழி திறக்கவேண்டும், எவ்வழி அடைக்கவேண்டும் என்பதை அதன்மேலுள்ள சொலினாயிட்டு என்னும் மின்வால்வுகள் துணியும். அவற்றிற்கு ஆணையிடுவது வண்டியிலுள்ள கணினி. கியர் மாற்றத்திற்கு இரண்டு சொலினாயிட்டுகளும், முறுக்குமாற்றியைப் பூட்டுதற்கு ஒன்றும் உள.

செப்பனிட்டபின் வரும் நோயின் தனியியல்பு

நோயையும், நோயின் முதலையும், அது தணியும் வழியையும் முறையே ஆராய்க என்பது வள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்திற் காட்டிய நெறி. பொறிக்கும் இது பொருந்தும். ஆயின், செப்பனிட்ட பொறியின் நோய்முதல், பழம்பொறியின் நோய்முதலினின்றும் வேறுபட்டது. நெடுநாள் ஓடிய பெட்டி தேய்வினாற் கெடும். நேற்றுப் பூட்டிய பெட்டியில் தேய்வு ஏது? அங்கே நேர்ந்திருக்கக்கூடியவை மூன்று: பூட்டியவர் ஒன்றை மறந்திருக்கலாம், ஒன்றை மாற்றி வைத்திருக்கலாம், அன்றிப் பழைய கேட்டின் காரணம் நீக்கப்படாமல் உள்ளே தங்கியிருக்கலாம்.

ஏட்டுச்சுவடிகளை ஆராய்வோர் இவ்வேறுபாட்டை நன்கறிவர். செல்லரித்தமையாற் போன எழுத்து வேறு. பெயர்த்தெழுதியவன் கைப்பிழையால் மாறிய எழுத்து வேறு. 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் போன்றோர் பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடம் துணிந்தனர். ஏடு பிழைபட்டது என்று அதனைக் கிழித்தெறிந்தாரிலர். செப்பனிட்ட பெட்டியை ஆராய்வோரும் அவ்வாறே பெயர்த்தெழுதியவன் பிழையை முதலில் தேடவேண்டும். கடைசியாக எவையெவை கழற்றப்பட்டன, எவையெவை மீண்டும் பூட்டப்பட்டன என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுதலே ஆராய்ச்சியின் தொடக்கம். அவற்றுள்ளும், பெட்டியைத் திறவாமற் பார்க்கத்தக்கவற்றை முதலிற் பார்த்தல் வேண்டும். திறந்துவிட்டால், அறிகுறிகள் எல்லாம் எண்ணெயோடு வடிந்துபோம்.

திறவாமற் பார்க்கத்தக்கவை

எண்ணெயின் அளவு: இதில் நேரும் தவறு மிகுதி. வழக்கமான எண்ணெய் மாற்றத்தில் இவ்வினப் பெட்டியிலிருந்து வடிவது ஏறத்தாழ 2 லிட்டர். முழுவதும் பிரித்துப் பூட்டியபோதோ முறுக்குமாற்றியும் குளிரூட்டும் குழாய்களும் வறண்டு கிடத்தலால் 7 லிட்டரளவு தேவைப்படும். வடித்த கணக்கை நினைந்து ஊற்றினவர் பாதிப்பெட்டியை வறட்சியில் ஓட்டுபவராவர். அளவு பார்க்கும் முறையும் உண்டு. வண்டியைச் சமநிலத்தில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, நெம்புகோலைப் 'பி' முதல் 'எல்' வரை ஒவ்வோரிடத்திலும் நிறுத்திப் பின் 'பி'க்குக் கொண்டுவந்து, எண்ணெய் 70 முதல் 80 பாகை வரை சூடாயிருக்கும்போது அளவுகோலை இழுத்துப் பார்த்தல் வேண்டும். குளிர்ந்த எண்ணெயில் பார்த்த அளவு ஏமாற்றும். அளவு மிகுந்தாலும் கேடே. சுழலும் உறுப்புகள் கடைந்து எண்ணெயை நுரையாக்கும். நுரையோ அழுத்தத்தைத் தாங்காது.

எண்ணெயின் இனம்: கைந்நூல் கூறிய இனத்தையன்றி வேறொன்றை ஊற்றினால், தட்டுகள் பற்றும் தன்மை மாறி வண்டி நடுங்கும். நிறமும் மணமும் நோக்கத்தக்கன. புதிய எண்ணெய் செம்மையாயிருக்கும். சில நாட்களிலேயே கறுத்துக் கருகல் நாறினால், தட்டுகள் வழுக்கி எரிகின்றன என்று கொள்க.

நெம்புகோல் இணைப்பு: பெட்டியை இறக்கும்போது நெம்புகோலின் தண்டைக் கழற்றுவர். மீண்டும் பூட்டுகையில் அது சிறிது பிசகினால், நெம்புகோல் 'டி'யில் நிற்க, உள்ளேயுள்ள வால்வு இரண்டிற்கும் நடுவே நிற்கும். கிளச்சு அரைகுறையாகப் பிடிக்கும்.

திராட்டில் கம்பி: இவ்வினப் பெட்டியில், எஞ்சினுக்கு எவ்வளவு எரிபொருள் ஊட்டப்படுகிறது என்பதைப் பெட்டிக்கு உணர்த்த ஒரு கம்பி செல்கின்றது. மிதியை எவ்வளவு அழுத்துகின்றோமோ அவ்வளவுக்குப் பெட்டியினுள் எண்ணெயழுத்தம் உயரும். மிதியை முழுதும் அழுத்திய நிலையில், கம்பியின் உறைமுனைக்கும் அதன்மேலுள்ள தடைக்கும் இடைவெளி 0 முதல் 1 மில்லிமீட்டருக்குள் இருக்கவேண்டும். கம்பி தளர்ந்திருந்தால் அழுத்தம் குறைந்து, வலிமை வேண்டப்படும் நேரத்திற் கிளச்சு வழுக்கும். புதிய தட்டுகள் அனைத்தும் சின்னாட்களில் எரிந்துபோதற்கு இத்தளர்ச்சி ஒன்றே போதும். செப்பனிட்டவர் கைத்திறத்தின்மேல் வந்த பழிகள் பலவற்றிற்குக் காரணம் இக்கம்பியே என்றால் அது மிகையாகாது.

குளிரூட்டும் குழாய்: பழைய பெட்டி எரிந்தபோது உதிர்ந்த தூளும் உலோகத் துகளும் குளிரூட்டியினுள் தங்கியிருக்கும். அதனைக் கழுவாமற் புதிய பெட்டியைப் பூட்டுதல், நோயாளியின் பழைய பாயில் நலமுற்றவனைக் கிடத்துதல் போலாம். துகள் திரும்பிவந்து வால்வுகளை இறுகச் செய்யும். குழாய் அடைபட்டால் எண்ணெய் கொதித்துப் பெட்டி கெடும்.

முறுக்குமாற்றி அமர்ந்த நிலை: பெட்டியை எஞ்சினோடு சேர்க்குமுன், முறுக்குமாற்றி தன் கழுத்திலுள்ள பிளவுகள் பம்பின் பற்களிற் பொருந்தும்வரை உள்ளே அமர்ந்திருத்தல் வேண்டும். அமர்ந்ததனை அறிய, பெட்டியின் முகத்திலிருந்து அது எவ்வளவு உள்ளடங்கியிருக்கிறது என்று அளந்து கைந்நூலோடு ஒப்பிடுவர். இரண்டும் தாமாகச் சேரவேண்டும். சேராதபோது ஆணிகளை முறுக்கிச் சேர்த்தால் பம்பு உடைந்து, வண்டி எக்கியரிலும் அசையாது நிற்கும். பூட்டிய உடனே பம்பிலிருந்து அழுகுரல் போன்ற ஓசை எழுந்தால் இதனையும், எண்ணெய் வடிகட்டி சரியாகப் பொருந்தாமற் காற்றை உறிஞ்சுவதனையும் ஐயுறுக.

எவ்வுறுப்பு என்று துணிதல்

மேற்கூறியன யாவும் செவ்வையாயிருந்தும் குறை நீங்காதாயின், எவ்வுறுப்பிற் குறை என்று துணியவேண்டும். இங்கே இலக்கண மாணவர்க்கு இனிமையான ஒரு முறை உண்டு. ஒவ்வொரு கிளச்சும் ஒரு கியரில் மட்டும் வருவதன்று. ஓரெழுத்துப் பல சொற்களில் வருதல் போலப் பல கியர்களில் வரும். எந்தச் சொற்கள் கெட்டன, எவை கெடவில்லை என்று பார்த்தால், எந்த எழுத்து விடுபட்டது என்பது தானே போதரும்.

முன்செல் கிளச்சு, முன்னோக்கிச் செல்லும் எல்லாக் கியர்களிலும் பணி செய்வது. பின்கியரில் அதற்கு வேலையில்லை. எனவே, பின்னோக்கிச் செல்லும் வண்டி முன்னோக்கிச் செல்லாவிடின் குறை அதன்பாற்பட்டது. நேர்க்கிளச்சு மூன்றாங்கியர், ஓவர்டிரைவ், பின்கியர் ஆகிய மூன்றிலும் வரும். பின்கியரும் இல்லை, மூன்றாவதும் இல்லை என்றால் அதனைக் குற்றஞ்சாட்டலாம். பின்கியர் இன்றி மூன்றாவது மட்டும் செவ்வையாயிருந்தால், பின்கியரிலும் 'எல்'லிலும் வரும் தடையே ஐயுறத்தக்கது.

'டி'யிற் புறப்படாத வண்டி 'எல்'லிற் புறப்படுமாயின், அது பூட்டினவர் பிழையைக் காட்டும் அழகிய சான்று. 'டி'யின் முதற்கியரில் தாங்குவது ஒருவழிக் கிளச்சு ஒன்றே. 'எல்'லிலோ அதற்குத் துணையாகத் தடையும் சேர்ந்து பிடிக்கும். ஒருவழிக் கிளச்சைத் தலைகீழாக வைத்துப் பூட்டினால், பிடிக்கவேண்டிய திசையில் அது சுழலும். பார்வைக்கு இருபுறமும் ஒன்றுபோலத் தோன்றுதலால் இப்பிழை எளிதில் நேர்வது.

எந்தக் கியரிலும் அசைவில்லையெனின், கிளச்சுகள் எல்லாம் ஒருங்கே கெட்டன என்று எண்ணற்க. பலவற்றிற்கும் பொதுவாகிய எண்ணெய், பம்பு, முறுக்குமாற்றி, நெம்புகோல் இணைப்பு என்பவற்றை நோக்குக.

இவற்றை உறுதிப்படுத்தச் சோதனைகள் மூன்று உள. ஒன்று, காலத்தாழ்வுச் சோதனை. எண்ணெய் 50 முதல் 80 பாகை வரை சூடாயிருக்கையில், நெம்புகோலை 'என்'னிலிருந்து 'டி'க்குத் தள்ளிய கணம் முதல் வண்டி சிறிது குலுங்கும் கணம்வரை எண்ணினால் 1.2 நொடிக்குள் அடங்கவேண்டும், 'ஆர்'க்கு 1.5 நொடி. அதனினும் நீண்டால் அழுத்தம் குறைவு, அன்றித் தட்டுகளின் இடைவெளி மிகுதி எனலாம். மற்றொன்று, நிறுத்தச் சோதனை. நான்கு சக்கரங்களையும் தடுத்து, பிரேக்கை அழுத்தி, 'டி'யிலும் 'ஆர்'இலும் எஞ்சினை முழுவேகத்தில் முடுக்கிச் சுற்றுகளைப் பார்ப்பது. இரண்டிலும் சுற்று மிகுந்தால் அழுத்தக் குறைவு. ஒன்றில் மட்டும் மிகுந்தால் அதற்குரிய கிளச்சின் வழுக்கல். இரண்டிலும் குறைந்தால் எஞ்சினின் வலியின்மை, அன்றி முறுக்குமாற்றியின் நடுச்சக்கரக் கோளாறு. இச்சோதனை 5 நொடிக்கு மேல் நீளலாகாது. வண்டியின் முன்னும் பின்னும் எவரும் நிற்றலும் ஆகாது. மூன்றாவது, அழுத்தமானியைப் பெட்டியிற் பொருத்தி எண்ணெயழுத்தத்தை நேரே அளத்தல்.

எங்கள் வண்டிக்கு நேர்ந்தது

இனி, சிறிய தந்தையாரின் வண்டிக்கு வருவோம். கராச்சின் தலைவர் நெடுங்காலம் தொழில் செய்தவர். பெட்டியைப் பூட்டியவர் அவரிடம் வேலை பழகும் இளைஞர். வண்டி ஊர்ந்ததைக் கண்ட தலைவர், "இவன் உள்ளே எதையோ மாற்றி வைத்துவிட்டான். மறுபடியும் கழற்றும் கூலியை இவன் சம்பளத்திற் பிடிப்பேன்" என்றார். அவ்விளைஞர் தலை கவிழ்ந்து நின்றார். கலியாண மாதம் அது. சிறிய தந்தையார் ஒத்துக்கொண்ட வாடகைகள் மூன்று. பெட்டி மீண்டும் இறங்கினால் மூன்றும் போம். மாதத் தவணையும் நிற்கும்.

சிறிய தந்தையார் என்னைப் பார்த்து, "தம்பி, நீ இங்கிலீசு படித்தவன் அல்லவா? அந்தப் புத்தகம் என்ன சொல்லுகிறது, பார்" என்றார். கைந்நூல் கைப்பேசியில் இருந்தது. அன்றிரவு யான் படித்துத் தமிழிற் சொல்ல, அவ்விளைஞர் கேட்டார். எண்ணெயின் அளவு, கம்பியின் இடைவெளி, நெம்புகோலின் நிலை என்று யான் ஒவ்வொன்றாய்ச் சொல்ல, அவர் மறுநாள் விடியற்காலையில் ஒவ்வொன்றாய்ப் பார்த்தார். யாவும் செவ்வையாயிருந்தன. பின்கியரும் நன்றாய்ப் பிடித்தது.

அப்பொழுது கைந்நூலின் ஒரு பகுதி எங்கள் கருத்தை ஈர்த்தது. சொலினாயிட்டுகளுக்குச் செல்லும் மின்கம்பியை வேண்டுமென்றே கழற்றிவிட்டு வண்டியை ஓட்டிப் பார்க்கும் சோதனை அது. மின்சாரம் இல்லாதபோதும் இப்பெட்டி முற்றும் நின்றுவிடாது. நெம்புகோல் 'எல்'லில் இருந்தால் முதற்கியரும், '2'இல் இருந்தால் மூன்றாங்கியரும், 'டி'யில் இருந்தால் ஓவர்டிரைவும் கிடைக்கும். அவ்வாறு கிடைத்தால் பெட்டியின் உள்ளுறுப்புகள் நலமாயுள்ளன, குறை மின்சாரத்தின்பாற்பட்டது என்பது துணிபு.

இதனை யான் சொல்லி முடிக்குமுன் அவ்விளைஞர் நிமிர்ந்தார். "கழற்றாமலே அப்படித்தானே ஓடுகிறது!" என்றார். உண்மை. 'டி'யில் வைத்தால் வண்டி ஊர்ந்தது. நான்காங்கியரிற் புறப்படும் எவ்வண்டியும் அவ்வாறுதான் ஊரும். 'எல்'லில் வைத்து ஓட்டினோம். வண்டி வலிமையோடு பாய்ந்தது. '2'இல் வைத்தோம்; அதே வேகத்தில் எஞ்சினின் சுற்று, முன்னதில் மூன்றிலொரு பங்கிற்குச் சற்று மேலாகக் குறைந்து நின்றது. 2.804க்கும் 1.000க்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய அதுவே. உள்ளே எதுவும் கெடவில்லை.

ஆயின், மின்குறை நேர்ந்தால் ஓட்டுநர் முன்னுள்ள ஓவர்டிரைவ் விளக்கு மின்னி மின்னி அறிவிக்க வேண்டுமே; அஃது ஏன் மின்னவில்லை? விளக்கைக் கழற்றிப் பார்த்தோம். அதன் இழை அறுந்து நெடுநாளாயிற்று, யாரும் கவனித்திலர். புதிய விளக்கு இட்டதும் அது மின்னத் தொடங்கிற்று. எஞ்சின் அருகேயுள்ள சோதனைப் பெட்டியில் டிஇ1, இ1 என்னும் இரு முனைகளையும் ஒரு கம்பியால் இணைத்தால், விளக்கு மின்னும் எண்ணிக்கையாற் குறியெண்ணை உணர்த்தும். 62, 63, 64 என்னும் மூன்றும் வந்தன. முதற் சொலினாயிட்டு, இரண்டாஞ் சொலினாயிட்டு, பூட்டுஞ் சொலினாயிட்டு ஆகிய மூன்றிலும் குறை என்பது அதன் பொருள்.

மூன்று ஒரே நாளிற் கெடுதல் அரிது. ஓர் ஏட்டின் மூன்று வரிகளில் ஒரே நேரே எழுத்துகள் மறைந்திருந்தால், எழுதியவன் மூன்று முறை பிழை செய்தான் என்று கொள்ளோம். அவ்விடத்தில் ஒரு துளை உண்டு என்றே கொள்வோம். மூன்று சொலினாயிட்டுகளுக்கும் பொதுவானது பெட்டியின் பக்கத்திலுள்ள இணைப்பு ஒன்றே. அவ்விளைஞர் வண்டியின் அடியிற் படுத்துக் கைவிட்டுப் பார்த்தார். இணைப்பு தன் இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது; பூட்டு விழும்வரை அமுக்கப்படவில்லை. அமுக்கினார். 'கிளிக்' என்ற ஓசை மேலே நின்ற எங்களுக்கும் கேட்டது.

வண்டி அன்று மாலையே நான்கு கியரிலும் ஓடிற்று. வாடகைகள் மூன்றும் போகவில்லை. இளைஞர் தாமே தலைவரிடம் சென்று, "இணைப்பை இறுக்காதது என் பிழைதான்" என்று ஒப்புக்கொண்டார். தலைவர் சிறிது நேரம் பேசாதிருந்து, பின், "பெட்டியைச் சரியாய்த்தான் பூட்டியிருக்கிறாய்" என்றார். சம்பளத்தில் எதுவும் பிடிக்கப்படவில்லை என்று பின்பு அறிந்தேன்.

முடிபு

இந்நிகழ்ச்சியால் யான் கற்றவை இரண்டு. பழுது பெரிதாய்த் தோன்றுவதனால் அதன் காரணமும் பெரிதாயிருத்தல் வேண்டும் என்பதில்லை. ஆகவே, செப்பனிட்ட பெட்டி பிழைத்தால் கடைசியாகத் தொட்ட இடத்திலிருந்து தொடங்கி, வெளியேயுள்ளவற்றை எல்லாம் வினவிய பின்னரே உள்ளே புகுதல் வேண்டும். இஃது ஒன்று.

மற்றொன்று நம்மைச் சார்ந்தது. அவ்விளைஞரிடம் கைத்திறம் இருந்தது, நுண்ணறிவும் இருந்தது. யான் பொருள் விளங்காமற் படித்த ஒரு வரியைக் கேட்ட அக்கணமே விடை கண்டவர் அவரே. அவரிடம் இல்லாதது அவ்வொரு வரி. அது தமிழில் எழுதப்படாமையால் அவர் கைக்கு எட்டவில்லை. எட்டாமையால் அவர்மேற் பழி விழ இருந்தது. நம் மொழியிற் பழைய நூல்களைப் பேணிக் கற்கும் நாம், நாள்தோறும் எண்ணெய்க் கையோடு உழைப்பவர்க்கு வேண்டும் நூல்களையும் எழுதுதல் நம் கடன் என்று எண்ணுகின்றேன். அக்கடனில் ஒரு சிறு பகுதியாக இக்கட்டுரை அமைக.